கண்டெடுத்தவர் பெயர்

அப்பாவின் கைத்தொலைபேசி அடித்தபோது துஷ்யா இரண்டு கைகளாலும் தேநீர்த் தட்டைப் பிடித்தபடி கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். தட்டை வைக்க இடம் தேடினாள். சோபாவிலும் கதிரைகளிலும் தரையில் விரித்த பாயிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவள் திரும்புவதற்குள், சமையலறை மேசையில் சார்ஜில் கிடந்த தொலைபேசியைப் பெரியப்பா எடுத்துவிட்டார்.

"ஹலோ. யெஸ். வைத்திலிங்கம். ஸ்பீக்கிங்."

ஆங்கிலம் பேசும்போது பெரியப்பா புவனேந்திரனின் குரல் தானாகவே உயரும். ஸ்ட்ரெதமில் கடை நடத்திய காலத்துப் பழக்கம். கூடத்தில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். 'கொரோனர்' என்ற சொல் எல்லோருக்கும் கேட்டது.

சனிக்கிழமையிலிருந்து வீடு அந்த ஓர் அழைப்புக்காகத்தான் காத்திருந்தது. எப்பிங்குக்கு அப்பால் உள்ள ஒரு வயலில், வழக்கம்போல, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டர் தடியோடு பழைய காசு தேடி நடந்துகொண்டிருந்த அப்பா அங்கேயே இறந்துபோனார். திடீர் மரணம் என்பதால் உடல் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. மரணங்களை விசாரிக்கும் கொரோனர் அனுமதி தந்தால்தான் எடுக்கலாம். ஐயர், மண்டபம், எரிக்கும் நாள், எல்லாமே அந்த அனுமதியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்குவெஸ்ட்? நோ, நோ. நோ இன்குவெஸ்ட், மேடம்." பெரியப்பா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "கொயின்? வட் கொயின்? ஐ டிட் நொட் ஃபைண்ட் எனி கொயின். யெஸ், ஷுவர். யூ ரைட் தட். வைத்திலிங்கம் செட், நத்திங்."

தொலைபேசியை வைத்துவிட்டு வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"என்னவாம் பெரியப்பா?"

"நாளைக்கு விசாரணையாம். எங்கையோ காசு எடுத்ததாம், அதைப் பற்றியாம். நான் ஒரேயடியா இல்லையெண்டிட்டன்."

"எந்தக் காசு? வெள்ளிக் காசே?"

"எந்தக் காசாயிருந்தா என்ன? செத்தவனிட்ட இனி என்ன கேள்வி?"

துஷ்யா தட்டைச் சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்தாள். யோசிப்பதற்கு அவளுக்குக் கை சும்மா இருக்க வேண்டும்.

அவளுக்கு வேலை மருந்துக் கடையில். பொதியில் உள்ள பெயரும் மருந்துச் சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பது, பார்த்ததை இன்னொரு தடவை பார்ப்பது. வீட்டுக்கு வந்த பிறகும் சரியாகப் பார்த்தேனா என்று யோசிப்பாள். இப்போதும் அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

போன இலையுதிர் காலத்தில் அதே வயலில் அப்பா இரண்டு வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார். நகத்தளவு மெல்லியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தவை, எழுநூறு வருடப் பழசு. "ஒண்டெண்டால் ஒண்டுமில்லைப் பிள்ளை, வைச்சிருக்கலாம். ரெண்டெண்டால் சட்டப்படி புதையல். சொல்லியே ஆகோணும்" என்று அப்பா விளக்கினார். இந்த நாட்டில் புதையலையும் கொரோனர்தான் விசாரிக்கிறார் என்று தெரிந்தபோது அவருக்கு ஒரே சிரிப்பு. "பார், பிரேதமும் புதையலும் ஒரே மேசையில!"

தனக்கு வரக்கூடிய சன்மானத்தை வேண்டாமென்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். காசுகள் அந்தப் பகுதி மியூசியத்துக்கே போகட்டும் என்றார். "ஆனா ஆர் எடுத்ததெண்டு எழுதுவினம். அது அவையின்ர சட்டம்." அன்றிலிருந்து பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏதும் வந்ததே?" அவள் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பாள். "இல்லை அப்பா." "வரும், வரும்."

இப்போது வந்திருக்கிறது.

அப்பா தன் பெயரை ஊர் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வர எழுதுவார்: வைத்திலிங்கம் சற்குணம். இங்குள்ளவர்களில் சிலர் பின்னால் உள்ளதைப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் முன்னால் உள்ளதை. ஆஸ்பத்திரியில் அவர் மிஸ்டர் சற்குணம். காசுகளைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் மிஸ்டர் வைத்திலிங்கம். ஆகவே கொரோனர் அலுவலகத்தில் இரண்டு மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் செத்துப்போன சற்குணம். மற்றவர் காசு கண்டெடுத்த வைத்திலிங்கம், உயிரோடு. அந்த வைத்திலிங்கத்தைக் கேட்டுத்தான் அந்தப் பெண் தொலைபேசி எடுத்திருக்கிறாள். பெரியப்பாவும் வைத்திலிங்கத்தின் பிள்ளைதானே. "ஸ்பீக்கிங்" என்றுவிட்டார்.

கண்டெடுத்தவரே, தான் எதையும் கண்டெடுக்கவில்லை என்று சொல்லியாயிற்று. நாளைக்கு அப்படித்தான் எழுதுவார்கள்.

"பெரியப்பா, அது அப்பாவின்ர உடம்பைப் பற்றின விசாரணை இல்லை. காசைப் பற்றினது. நான் திருப்பி எடுத்துச் சொல்லோணும்."

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"அப்பா எடுக்கேல்லையெண்டு பதிஞ்சுபோடுவினம்."

"பதியட்டும்! அதால இப்ப என்ன குறைஞ்சுபோச்சு? முதல்ல உடம்பு வரட்டும்."

கூடத்திலிருந்து சுவர்ணா அன்ரி கழுத்தை நீட்டினார். முன் தெருவில் இருப்பவர். மூன்று நாட்களாக இந்த வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தருபவர். ஆகவே எதையும் கேட்கலாம் என்ற உரிமை அவருக்கு இருந்தது.

"என்ன புவனண்ணை, நகையே எடுத்தவர்? எனக்கொருக்கா சொன்னவர், பழைய சாமான் எண்டு. நான் நினைச்சன் உந்த சோடா மூடியளாக்கும் எண்டு."

"ஒண்டுமில்லை, நீர் தேத்தண்ணியைக் குடியும்."

பெரியப்பா துஷ்யாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"உனக்குத் தெரியாது பிள்ளை. எங்கட கடைசித் தம்பியை, உன்ர சித்தப்பாவை, எண்பத்தாறில ஊரில ஆமிக்காரர் சுட்டு ஆஸ்பத்திரியில போட்டிருந்தவங்கள். உடம்பு எடுக்க நான்தான் போனனான். மரண விசாரணை எண்டு இருத்திவைச்சு, அவனிட்ட இன்ன சாமான் இருந்தது, அவன் இன்ன ஆள் எண்டு எழுதி நீட்டினாங்கள். கையெழுத்து வைச்சாத்தான் தருவமெண்டாங்கள். ரியூசன் குடுத்துக்கொண்டிருந்த பொடியன். நான் வைச்சன். உடம்பைத் தந்தாங்கள். இண்டைக்கும் அங்க அவன் அப்பிடித்தான் இருக்கிறான், கடுதாசியில." அவர் மூச்சு விட்டார். "இந்தமுறை நான் எதுக்கும் ஓமெண்டு சொல்லமாட்டன்."

தான் செய்ய நினைப்பது சரியா என்ற சந்தேகம் துஷ்யாவுக்கு உடனே வந்தது. ஓர் அலுவலகத்தைச் சீண்டி, அதனால் அப்பா இன்னும் ஒரு கிழமை குளிர்ப்பெட்டிக்குள் கிடக்க நேர்ந்தால்? அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஆனால் சந்தேகம் வந்த பிறகும் எண்ணம் மாறவில்லை. இது அவளுக்கே புதிதாக இருந்தது.

வாசல் மணி அடித்தது.

நின்றவர் டெரிக். அறுபத்தெட்டு வயதிருக்கும், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், அப்பாவோடு சனிக்கிழமைகளில் வயலுக்குப் போகிறவர். அப்பா இறந்திருப்பதை முதலில் கண்டதும் அவர்தான். தோளில் அப்பாவின் டிடெக்டர் வைத்த நீளமான பை தொங்கியது. வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து தன் சேற்றுச் சப்பாத்துகளின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"உந்தத் தடியை உள்ள விடாதை" என்றார் பெரியப்பா பின்னாலிருந்து. "அதாலதான் எல்லாம்."

"வரட்டும்."

சொன்னது அம்மா. பாயில் சுவரோடு சாய்ந்திருந்த கலாவதி அன்று காலையிலிருந்து பேசிய முதல் சொல் அது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்தத் தடியைப் பற்றி வீட்டில் அதிகம் சண்டை பிடித்தவளே அவள்தான். 'பெற்றோல் ஷெட்டில நிண்டது காணாதெண்டு வயலுக்குள்ளயும் போய் நிக்கிறார்' என்று போன கிழமையும் சொன்னாள்.

டெரிக் பாயின் ஓரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல துஷ்யா அம்மாவுக்குச் சொன்னாள்.

"வேலியோரமா முழங்காலில இருந்தவராம். காதில ஹெட்ஃபோன் இருந்ததாம். இவர் ரெண்டு தரம் கூப்பிட்டவராம். கேக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சாராம்."

அம்மா தலையை ஆட்டினாள்.

"முன்னுக்குக் குழி பாதி தோண்டியிருந்ததாம். அம்புலன்ஸ் போன பிறகு இவர் திரும்பிப் போய், மண்ணைப் போட்டு, மேல புல்லையும் வைச்சு அமத்திவிட்டவராம். அப்பா ஒருநாளும் குழியைத் திறந்தபடி விட்டுட்டு வாறேல்லையாம்."

"அதுக்குள்ள என்ன இருந்ததாம்?"

துஷ்யா கேட்டாள். டெரிக் தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"பாக்கேல்லையாம் அம்மா. அது அப்பாவின்ர டிடெக்டருக்குக் கேட்ட சிக்னலாம். தான் எடுக்கிறது சரியில்லையாம்."

சுவர்ணா அன்ரி மூக்கைச் சிந்தினார்.

துஷ்யா டெரிக்கிடம் நாளைய விசாரணையைப் பற்றிச் சொன்னாள். அவர் நிமிர்ந்தார். சற்குணம் கண்டெடுத்ததுதான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாகச் சொன்னார். பிறகு சிறிது யோசித்து, நேர்மையான மனிதராகையால், காசு கிடைத்த அன்று தான் பக்கத்து வயலில் நின்றதாகவும் காசுகள் மண்ணிலிருந்து வந்ததைத் தன் கண்ணால் காணவில்லை என்றும் சொன்னார். சாயந்தரம் காரில் ஏறும்போது சற்குணம் கையை மூடிக்கொண்டு, 'முதலில் வீட்டில் காட்டிவிட்டு உனக்குக் காட்டுகிறேன்' என்றாராம்.

துஷ்யா சமையலறைக்குப் போய் அப்பாவின் தொலைபேசியை எடுத்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரமும் தொடங்கி, இனிப் போதும் என்று பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மறுமுனையில் இருந்த பெண் பொறுமையானவள். மிஸ்டர் வைத்திலிங்கத்தோடு இப்போதுதான் பேசினேன், தனக்கும் காசுகளுக்கும் சம்பந்தமில்லை என்று தெளிவாகச் சொன்னாரே என்றாள். துஷ்யா நிதானமாக, ஒரு பெயரின் பின் ஒரு பெயராக விளக்கினாள். பேசியது அண்ணன். இருவருக்கும் தகப்பன் பெயர் ஒன்று. கண்டெடுத்தவர் தம்பி. அவர் உங்களிடம்தான் இருக்கிறார், இன்னொரு கோப்பில், வேறு பெயரில்.

மறுமுனையில் கடதாசிகள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "அடக் கடவுளே" என்றாள், மெதுவாக. மன்னிப்புக் கேட்டாள். பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது, இயற்கையான மரணம், உடலுக்கான பத்திரங்கள் இன்றே போய்விடும், காசு விவகாரத்தால் அது ஒரு மணிநேரமும் தாமதிக்காது என்றாள். ஆனால் ஏற்கெனவே மறுத்துப் பதிவான ஒன்றை மாற்றுவதற்கு, இறந்தவரின் மிக நெருங்கிய உறவு பேச வேண்டும். காசுகளை அவர் கையில் பார்த்தவராக இருந்தால் நல்லது. மனைவி இருக்கிறாரா?

துஷ்யா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். பெரியப்பா கதவில் நின்றார்.

"உடம்பை நாளைக்கே எடுக்கலாமாம் பெரியப்பா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லையாம். அம்மா ஒருக்கா கதைக்கோணுமாம்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்கள். கொம்மாவை உதுக்குள்ள இழுக்காதை. அவளுக்கு இங்கிலிசும் வராது, ஒண்டு கிடக்க ஒண்டு சொல்லிப்போடுவாள்."

"பெரியத்தான்."

அம்மா எழுந்து வந்திருந்தாள். மூன்று நாட்களாகப் பாயிலேயே இருந்ததில் சேலை ஒருபக்கம் நசுங்கியிருந்தது. அவரைத் தாண்டி உள்ளே வர அவள் வழி கேட்கவில்லை. அவராகவே விலகினார்.

"இவர் அண்டைக்கு வயலால வந்து கையை விரிச்சு எனக்குத்தான் முதல்ல காட்டினவர்" என்றாள். "கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ எண்டு சொன்னன். வேற ஒண்டும் சொல்லேல்லை. கொண்டா பிள்ளை ஃபோனை."

"நான் ஸ்பீக்கர்ல போடட்டே அம்மா?"

"வேண்டாம்."

அவள் தொலைபேசியை இரண்டு கைகளாலும் காதோடு அணைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை செய்தவள். அவளுக்கு வேண்டிய ஆங்கிலம் அவளிடம் இருந்தது.

"யெஸ். வைஃப். யெஸ், ஐ சீ. டூ கொயின். சில்வர். இன் ஹிஸ் ஹாண்ட்." கொஞ்சம் கேட்டாள். "நோ, நொட் பிரதர். மை ஹஸ்பண்ட் ஃபைண்ட்." மறுபடி கேட்டாள். அவள் முகம் மாறியது. "நேம்?"

துஷ்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. 'இஞ்சேருங்கோ', 'இவர்', 'துஷ்யாவின்ர அப்பா'. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவுதான். இந்த நாட்டில் அவளுக்கும் கணவன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. டாக்டரிடம் போனால் வரவேற்பில் பெயரைக் கேட்பார்கள். "கலாவதி" என்பாள். குடும்பப் பெயர்? அம்மா கைப்பையைத் திறந்து பஸ் பாஸை எடுத்து நீட்டுவாள். அவர்களே பார்த்துக்கொள்வார்கள். துஷ்யா சின்ன வயதில் அதைக் கேலி செய்வாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாளே தவிரச் சொல்லமாட்டாள்.

"ஹி இஸ்... மை டோட்டர் ஃபாதர்" என்றாள் அம்மா தொலைபேசியில்.

மறுமுனை ஏதோ சொன்னது. ஒரு பெயரில்லாமல் அந்தப் பெண் என்னத்தை எழுதுவாள்? துஷ்யா கையை நீட்டினாள். "தாங்கோ அம்மா, நான் சொல்லுறன்." அம்மா தோளைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகம் இப்போது ஜன்னல் பக்கம் இருந்தது. கூடத்தில் யாரோ யாருக்கோ இடம் விட்டுக் கதிரையை இழுத்தார்கள். புதிதாக வந்த யாரோ செருமினார்கள்.

பெரியப்பா திரும்பிக் கூடத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கொஞ்சம் சத்தம் போடாதையுங்கோ" என்றார். "அவள் கதைக்கிறாள்."

வீடு அடங்கியது.

"சற்குணம்" என்றாள் அம்மா.

முதல் தரம் அது மூச்சாகத்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது. அம்மா தொண்டையைச் செருமினாள்.

"சற்குணம். நோ, நொட் சாட். சற். சற்... குணம். வைத்திலிங்கம் இஸ் ஹிஸ் ஃபாதர். ஹி இஸ் சற்குணம்."

அந்தப் பெண் திருப்பிச் சொன்னது துஷ்யாவுக்கும் லேசாகக் கேட்டது. பிழையாகச் சொன்னாள். அம்மா விடவில்லை. இன்னும் ஒரு தரம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது போல, உரத்து. பாயின் ஓரத்தில் இருந்த டெரிக் அந்தப் பெயரைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஐ ஸ்பெல்" என்றாள் அம்மா.

கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய எழுத்துகள். அவள் ஒரு விரலால் சிங்க் விளிம்பில் எழுதிக்கொண்டே சொன்னாள்.

"எஸ். ஏ. ரி."

பெரியப்பாவின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. சத்தம் வரவில்லை.

"கே. யு."

வெளியே தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அது போகும்வரை அம்மா காத்திருந்தாள்.

"என். ஏ. எம்."

சொல்லி முடித்த பிறகும் அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் எழுத்தெழுத்தாகத் தட்டுவது, அடங்கிய சமையலறையில் துஷ்யாவுக்கும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.